காரைக்காலில் குழந்தைகளின் மூச்சு

காரைக்காலிலிருந்து புதுச்சேரிக்குச் சாலை மார்க்கமாக ஏறக்குறைய 130 கிலோ மீட்டர். தரங்கம்பாடி, சீர்காழி, கொள்ளிடம், சிதம்பரம், கடலூர் ஆகிய ஊர்களைக் கடந்து செல்ல வேண்டும். தடை ஏதும் இல்லாத நாளில் மூன்று மணி நேரம் பிடிக்கும். திருநள்ளாற்றில் சனிப்பெயர்ச்சிக் கூட்டம் கூடும் நாளிலோ, ஐப்பசி கார்த்திகை மழையிலோ எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. மூச்சுத் திணறும் குழந்தையை மடியில் கிடத்திக்கொண்டு இந்த வழியே ஆம்புலன்ஸ் வண்டியில் சென்ற தாய்மார்கள் அவ்வட்டாரத்தில் எத்தனையோ பேர். போய்ச் சேர்ந்து பிழைத்த குழந்தைகள் உண்டு. போய்ச் சேராத குழந்தைகளும் உண்டு. நாம் இன்று எடுத்துக்கொண்டிருக்கும் விஷயம் இந்தப் பிரயாணத்தைப் பற்றியது. அதைக் காட்டிலும் முக்கியமாக, பிரயாணம் தொடங்குவதற்கு முன் காரைக்காலிலேயே கழியும் முதல் ஒரு மணி நேரத்தைப் பற்றியது. அந்த ஒரு மணி நேரத்தைச் சரிப்படுத்தாமல் புதுச்சேரியில் எவ்வளவு உயர்ந்த சிகிச்சை இருந்தும் காரைக்கால் குழந்தைகளுக்கு அதனால் முழுப் பயன் இல்லை என்பது நமது அபிப்பிராயம்.

பெரியவர்களுக்குச் செய்யும் வைத்தியத்தைச் சிறிய அளவில் செய்துவிட்டால் அது குழந்தை வைத்தியம் ஆகிவிடும் என்ற எண்ணம், ஆஸ்பத்திரிகளுக்குத் திட்டம் வகுப்பவர்களிடம் இன்னும் இருந்து வருகிறது. மூச்சு விஷயத்தில் இதைவிடத் தவறான எண்ணம் வேறு இல்லை. 4 மில்லி மீட்டர் குறுக்களவுள்ள ஒரு சிசுவின் சுவாசக் குழாயில் சுற்றிலும் 1 மில்லி மீட்டர் வீக்கம் கண்டால், காற்றுப் போகும் வழியில் நாலில் மூன்று பங்கு அடைபட்டு விடுகிறது. 8 மில்லி மீட்டர் அளவுள்ள குழாயில் அதே வீக்கம் பாதியைக்கூட அடைப்பதில்லை. பெரியவர்களுக்குத் தொண்டைக் கட்டாக வந்து போகிற சளி, கைக்குழந்தைக்கு உயிராபத்தாக முடிவதன் காரணம் இதுதான். தவிரவும் சிசுவின் நாக்கு வாயளவுக்குப் பெரிது, பின்மண்டை பெரிது. தட்டையான பலகையில் மல்லாக்கக் கிடத்தினால், பின்மண்டையின் உயரத்தால் கழுத்து முன்பக்கம் மடங்கித் தொண்டை வழி குறுகும். தோள்களுக்கு அடியில் ஒரு துண்டை மடித்து வைத்தால் வழி திறந்துகொள்ளும். இதற்குப் பணச் செலவு எதுவும் இல்லை. தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும், அவ்வளவே.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. பெரியவர்களுக்குப் பெரும்பாலும் இருதயம் முதலில் நிற்கிறது. மூச்சு அதன் பின்னே நிற்கிறது. குழந்தைகளுக்குப் பெரும்பாலும் இது நேர்மாறு. முதலில் மூச்சுத் தளர்கிறது. பிராணவாயு குறைந்து குறைந்து, கடைசியாகத்தான் இருதயம் நிற்கிறது. ஆகையால், இருதயம் நின்ற பிறகு குழந்தைக்குச் செய்யும் முயற்சிகளில் பலன் குறைவு. மூச்சுத் தளரும்போதே பார்த்துக் கை கொடுத்தால் பலன் மிக அதிகம். இடையில் கிடைக்கும் அவகாசம் சில வேளை சில மணி நேரம், சில வேளை சில நிமிஷங்கள்.

அந்த அவகாசத்தைக் கண்டுகொள்ளும் வழி, வாசகர்களில் குழந்தை பெற்ற ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டியது. இரண்டு மாதத்துக்கு உட்பட்ட சிசு நிமிஷத்துக்கு 60 தடவையோ அதற்கு மேலோ மூச்சு விட்டாலும், இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை 50-ஐ எட்டினாலும், ஒன்று முதல் ஐந்து வயது வரை 40-ஐ எட்டினாலும் அது மிகுதி என்று உலகச் சுகாதார ஸ்தாபனம் வரையறுத்திருக்கிறது. கடிகாரத்தை வைத்துக்கொண்டு முழுமையாக ஒரு நிமிஷம் எண்ண வேண்டும். மூச்சை உள்ளே இழுக்கும்போது நெஞ்சின் கீழ்ப்பாகம் உள்ளே குழிந்தால் நிலைமை கடுமை. பால் குடிக்க முடியாமற் போனாலும், உதடு நீலம் பாரித்தாலும், எழுப்பினாலும் எழாமல் துவண்டு கிடந்தாலும் ஒரு க்ஷணமும் தாமதிக்கக் கூடாது.

முனகலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நிமோனியா கண்ட சிசு, மூச்சை வெளியே விடும் ஒவ்வொரு தடவையும் மெல்ல முனகும். வலியால் முனகுகிறது என்று வீட்டார் நினைத்துத் தட்டிக் கொடுத்துத் தூங்க வைப்பார்கள். உண்மையில் அது, குழந்தையின் சரீரம் தனக்குத் தானே செய்துகொள்ளும் வைத்தியம். குரல்வளையைப் பாதி மூடிக்கொண்டு, காற்று முழுவதும் வெளியேறி விடாதபடி தடுத்து, நுரையீரலின் நுண்ணிய அறைகள் ஒட்டிப்போகாமல் அது காப்பாற்றிக் கொள்கிறது. அதற்கு உண்டாகும் உழைப்பு கொஞ்சமல்ல. சிறிது நேரத்தில் குழந்தை களைத்துவிடும், முனகல் நிற்கும். முனகல் நின்றது கண்டு வீட்டார் ஆறுதல் அடையும் அந்த நேரமே சில சமயங்களில் மிக அபாயமான நேரம்.

குழந்தை செய்யும் இதே காரியத்தை வெளியிலிருந்து செய்து கொடுக்கலாம் என்பதை 1971-இல் ஸான் பிரான்ஸிஸ்கோவில் கிரிகரி என்ற டாக்டரும் அவருடைய சகாக்களும் குறைமாதச் சிசுக்களிடம் நிரூபித்தார்கள். அதற்குப் பிறகு வந்த எளிய முறை ஒன்று இப்போது ஏழை நாடுகளிலும் பரவி வருகிறது. மூக்கில் பொருத்திய குழாய் வழியே பிராணவாயு கலந்த காற்று செல்கிறது; வெளிவிடும் குழாயின் முனை ஒரு பாட்டில் தண்ணீருக்குள் அமிழ்ந்திருக்கிறது. 5 சென்டி மீட்டர் ஆழத்தில் அமிழ்த்தினால், 5 சென்டி மீட்டர் தண்ணீரின் அழுத்தம் நுரையீரலைத் திறந்து வைத்திருக்கும். தண்ணீரில் குமிழி வருகிற வரையில் யந்திரம் வேலை செய்கிறது என்று அர்த்தம். குமிழி நின்றால் எங்கோ கசிவு இருக்கிறது. இதைக் ‘குமிழி முறை’ என்று நாம் அழைப்போம்.

வங்காள தேசத்து டாக்டர் முகமது ஜோபாயர் சிஷ்டி, ஆஸ்திரேலியாவில் இம்முறையைக் கண்டு, டாக்காவுக்குத் திரும்பியதும் காலி ஷாம்பு பாட்டில்களைக் கொண்டு அதைச் செய்து பார்த்தார். 2011 முதல் 2013 வரை, கடுமையான நிமோனியாவும் பிராணவாயுக் குறைவும் கண்ட ஐந்து வயதுக்கு உட்பட்ட 225 குழந்தைகளிடம் நடந்த பரிசோதனையின் முடிவு 2015-இல் லான்ஸெட் பத்திரிகையில் வெளியாயிற்று. சாதாரண முறையில் பிராணவாயு மட்டும் பெற்ற 67 குழந்தைகளில் 10 பேர் இறந்தார்கள். குமிழி முறையில் சிகிச்சை பெற்ற 79 குழந்தைகளில் இறந்தவர் 3 பேர். விலை உயர்ந்த வென்டிலேட்டர் இல்லாமல் நம்மைப் போன்ற ஒரு தேசத்து ஆஸ்பத்திரியில் பெற்ற பலன் இது.

இத்துடன் நிறுத்தினால் வாசகர்களை ஏமாற்றியதாகும். ஆப்பிரிக்காவில் மலாவி நாட்டு ஜில்லா ஆஸ்பத்திரி ஒன்றில் இதே முறை சோதிக்கப்பட்டு, முடிவு 2019-இல் வெளியாயிற்று. அங்கே எடுத்துக்கொண்ட 644 குழந்தைகளும் போஷாக்குக் குறைவு, எச்.ஐ.வி., பிராணவாயுக் குறைவு ஆகிய அபாயங்களில் ஏதேனும் ஒன்றை உடையவர்கள். சாதாரண முறையில் நூற்றுக்கு 11 குழந்தைகள் இறந்தன. குமிழி முறையிலோ நூற்றுக்கு 17. அதே தண்ணீர், அதே குமிழி. பலன் மட்டும் தலைகீழ்! குழந்தைகளின் நோய்களில் வித்தியாசம் இருந்தது உண்மையே. ஆனால் இன்னொரு வித்தியாசமும் இருந்தது. டாக்காவில் தேர்ந்த டாக்டர்களும் நர்ஸுகளும் அடுத்தடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மலாவி ஆஸ்பத்திரியின் குழந்தைகள் வார்டில் டாக்டரின் தினசரி மேற்பார்வை இல்லை. குமிழியின் காற்று வயிற்றுக்குள் போய் உப்பினால், மூக்குக் குழாய் சளியால் அடைத்துக்கொண்டால், குழந்தை வாந்தியெடுத்து அது சுவாசக் குழாய்க்குள் இறங்கினால், உடனே கண்டு செய்ய வேண்டியதைச் செய்ய ஒருவர் பக்கத்தில் வேண்டும். இல்லாவிடில் உதவியே உபத்திரவம் ஆகும். யந்திரங்கள் வந்து இறங்கும்போது மாலை போட்டுப் படமெடுத்துக்கொள்ளும் நமது வழக்கத்துக்கு மலாவியின் அனுபவம் ஓர் எச்சரிக்கை.

யந்திரம் இல்லாமலே கைகளால் நடந்த பெரிய காரியம் ஒன்றையும் இங்கே நினைவூட்ட வேண்டும். 1952-இல் டென்மார்க் தலைநகரான கோபன்ஹேகனில் இளம்பிள்ளை வாதம் கொள்ளை நோயாகப் பரவியது. மூச்சுத் தசைகள் செயலற்றுப் போனவர்களில் பெரும்பாலோர் மாண்டனர். ஆகஸ்ட் 27-ஆம் தேதி, பியோர்ன் இப்ஸன் என்ற மயக்க மருந்து டாக்டர், சாகும் தறுவாயில் இருந்த பன்னிரண்டு வயதுச் சிறுமியின் கழுத்தில் துளையிட்டுக் குழாய் வைக்கச் செய்து, ரப்பர் பையைக் கையால் அமுக்கி அவளுக்கு மூச்சுக் கொடுத்தார். அவள் பிழைத்தாள். அதன் பிறகு வைத்திய மாணவர்கள் நூற்றுக்கணக்கில் முறை வைத்துக்கொண்டு, நோயாளிகளின் தலைமாட்டில் இரவும் பகலும் உட்கார்ந்து வாரக்கணக்கில் பையை அமுக்கினார்கள். மரணம் வெகுவாகக் குறைந்தது. தீவிர சிகிச்சைப் பிரிவு என்று இன்று உலகமெங்கும் வழங்கும் ஏற்பாடு அந்த மாணவர்களின் கைகளிலிருந்து பிறந்தது என்றால் மிகையாகாது.

கோபன்ஹேகன் எங்கே, காரைக்கால் எங்கே என்று கேட்பவர்களுக்கு, டெல்டாவின் வயல்வெளியையே உதாரணமாகக் காட்டுவோம். மழைக்காலத்தில் எலியைத் தேடிக் குடிசைக்குள் வரும் கட்டுவிரியன், தரையில் பாய் விரித்துத் தூங்கும் குழந்தையைக் கடிக்கிறது. கடித்த இடத்தில் வலியும் இல்லை, வீக்கமும் இல்லை. விடியற்காலையில் குழந்தை வயிற்று வலி என்று அழுகிறது, பிறகு கண் இமை திறக்கவில்லை, எச்சிலை விழுங்க முடியவில்லை, மூச்சு மெல்லியதாகிறது. இந்த விஷம் நரம்பு தசையோடு பேசும் இடத்தைக் கெடுக்கிறது. மாற்று மருந்து கொடுத்தாலும், ஏற்கெனவே கெட்டுவிட்ட நரம்பு முனைகள் தாமே வளர்ந்து சரியாக வேண்டும். அதற்குச் சில நாட்கள் ஆகும். அந்த நாட்களில் யாராவது, அல்லது ஏதாவது ஒரு யந்திரம், குழந்தைக்காக மூச்சு விட்டுக்கொண்டிருந்தால் அது முழுக் குணமடைந்து பள்ளிக்கூடத்துக்குப் போகும். மூச்சு விட்டுக் கொடுக்க யாரும் இல்லையென்றால் அன்றைக்கே முடிந்துவிடும். இந்த இரண்டு முடிவுகளுக்கும் இடையே நிற்பது, முதல் ஒரு மணி நேரத்தில் ஆம்பு பையை ஒழுங்காக அமுக்கத் தெரிந்த இரண்டு கைகள்.

‘ஒழுங்காக’ என்று சொல்லக் காரணம் உண்டு. பையை அமுக்குவது யாருக்கும் வரும் வேலை என்று தோன்றும். முகமூடி குழந்தையின் முகத்துக்குச் சரியான அளவாயிருக்க வேண்டும். மோவாயைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். மார்பு மெல்ல எழும்புகிற அளவுக்கு மட்டும் அமுக்க வேண்டும். இரண்டு மூன்று விநாடிக்கு ஒரு தரம், அதற்கு மேல் கூடாது. பதற்றத்தில் வேகமாகவும் பலமாகவும் அமுக்குவதுதான் மனித சுபாவம். அப்போது காற்று வயிற்றுக்குப் போகிறது. இருதயத்துக்குத் திரும்பும் ரத்தம் குறைகிறது. பழக்கத்தினால் மட்டுமே வரும் நிதானம் இது. அந்தப் பழக்கமும் ஒரு முறை கற்றுவிட்டு விட்டுவிட்டால் சில மாதங்களில் மறந்துபோகும்.

இனிக் காரைக்காலுக்கு வருவோம். 2011-ஆம் வருஷத்து ஜனக் கணக்கின்படி காரைக்காலின் ஜனத்தொகை 2,00,222. மூன்று புறமும் தமிழ்நாடு, ஒரு புறம் கடல். 1739-இல் பிரெஞ்சுக்காரர் வசம் போய், 1954 நவம்பர் 1-ஆம் தேதி நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்து, 1962 ஆகஸ்ட் 16-ஆம் தேதி சட்ட பூர்வமாகவும் இணைந்த பூமி. பிரெஞ்சுக்காரர் வைத்துச் சென்ற எல்லைக் கோட்டைப் புதுச்சேரி யூனியன் பிரதேசம் என்ற பெயரில் நாம் அப்படியே வைத்துக்கொண்டோம். அதற்கு நியாயங்கள் சொல்லப்பட்டன. அந்த விவாதத்தை இங்கே மறுபடியும் எழுப்பும் உத்தேசம் நமக்கில்லை. வாஞ்சூரில் ஒரு காலைத் தூக்கி வைத்தால் தமிழ்நாடு, மற்றொரு கால் காரைக்கால். இருபுறமும் ஒரே ஜனங்கள், ஒரே பாஷை, ஒரே காய்ச்சல். ஆனால் ஆம்புலன்ஸ் வேறு, ஆஸ்பத்திரி நிர்வாகம் வேறு, குடும்ப அட்டை வேறு.

வைத்திய வசதியே இல்லாத ஊர் என்று காரைக்காலைச் சொல்ல முடியாது. அரசாங்கப் பொது ஆஸ்பத்திரி இருக்கிறது. 2016-இல் ஜிப்மரின் கிளையாக வைத்தியக் கல்லூரி தொடங்கப்பட்டது; அதன் நிரந்தரக் கட்டிடம் 2024 பிப்ரவரியில் பிரதம மந்திரியால் திறக்கப்பட்டது. தனியார் வைத்தியக் கல்லூரியும் ஒன்று உண்டு. ஜிப்மரின் பூர்வ கதை 1823-இல் பிரெஞ்சுக்காரர் புதுச்சேரியில் தொடங்கிய வைத்தியப் பள்ளியிலிருந்து வருகிறது. இருநூறு வருஷ வைத்திய பாரம்பரியமுள்ள ஒரு பிரதேசத்தில், கடைக்கோடிக் கிராமமான அம்பகரத்தூர்க் குழந்தைக்கு மூச்சு முட்டினால் முதல் நினைவு 130 கிலோ மீட்டருக்கு அப்பால் செல்வது வருந்தத்தக்கது.

கொரோனா இரண்டாம் அலைக்குப் பிறகு, 2021 ஜூலை 8-ஆம் தேதி மத்திய மந்திரி சபை 23,123 கோடி ரூபாய்த் திட்டம் ஒன்றை அங்கீகரித்தது. தேசத்தின் 736 ஜில்லாக்களிலும் குழந்தைகள் பிரிவு அமைப்பது அதில் ஓர் அம்சம். காரைக்காலும் ஒரு ஜில்லா. நோக்கத்தைப் பாராட்டுகிறோம். ஆனால் இப்படிப்பட்ட திட்டங்களின் பணம் கட்டிலாகவும், குழாயாகவும், யந்திரமாகவும் எளிதில் உருமாறும். நிரந்தர நர்ஸ் உத்தியோகமாக எளிதில் மாறாது. கட்டில் ஒரு முறைச் செலவு. நர்ஸ் மாதா மாதம் செலவு. கஜானா அதிகாரிகளுக்கு முன்னதில் இருக்கும் பிரியம் பின்னதில் இருப்பதில்லை.

கணக்கைப் போட்டே பார்ப்போம். வென்டிலேட்டரில் உள்ள குழந்தைக்கு ஒரு நேரத்தில் ஒரு நர்ஸ் முழுக் கவனத்துடன் வேண்டும். வாரத்துக்கு 168 மணி நேரம். ஒரு நர்ஸ் வாரத்துக்கு 48 மணி நேரம் வேலை செய்தால், ஒரே கட்டிலுக்கு மூன்றரை நர்ஸ். விடுமுறை, பிரசவ விடுப்பு, காய்ச்சல், பயிற்சி இவற்றைக் கழித்தால் நாலுக்கும் ஐந்துக்கும் இடையே வரும். நாலு கட்டில்கள் கொண்ட சிறிய பிரிவில் இரண்டு குழந்தைகள் வென்டிலேட்டரிலும், இரண்டு குழந்தைகள் அதைவிடச் சற்று இலேசான நிலையிலும் இருப்பதாக வைத்துக்கொண்டால், ஒரு நேரத்தில் மூன்று நர்ஸுகள். மொத்தம் பதின்மூன்று பதினாலு பேர். இந்தப் பதினாலு பேரும் இன்று பிரசவ வார்டு, நாளை எலும்பு முறிவு வார்டு என்று மாற்றப்படாமல், அங்கேயே நிலைத்து இருக்க வேண்டும். வென்டிலேட்டர்கள் எத்தனை வாங்கினோம் என்ற கேள்விக்குச் சட்டசபையில் பதில் எளிதாக வருகிறது. இந்தப் பதினாலு பேர் எங்கே என்று கேட்டதாக நாம் கேள்விப்பட்டதில்லை.

இங்கே ஓர் ஆட்சேபணை எழும்; அது அலட்சியப்படுத்தத் தக்கதுமன்று. இரண்டு லக்ஷம் ஜனங்களுக்குள் மூச்சு முட்டி உயிருக்குப் போராடும் குழந்தைகள் ஒரு மாதத்தில் எத்தனை பேர்? சில பேர்தான். அவ்வளவு குறைந்த நோயாளிகளை வைத்துக்கொண்டு ஒரு தீவிர சிகிச்சைப் பிரிவு நடத்தினால், வேலை செய்பவர்களுக்குக் கைப்பழக்கம் எப்படி நிற்கும்? செலவைத்தான் எப்படி நியாயப்படுத்துவது? இப்படிக் கேட்பவர்கள் காரைக்காலுக்கு விரோதிகள் அல்லர். குழந்தைத் தீவிர சிகிச்சை, நோயாளிகள் அதிகம் வரும் இடத்தில்தான் சிறக்கும் என்பது வைத்திய உலகம் ஒப்புக்கொண்ட விஷயம்.

ஆனால் இந்த ஆட்சேபணை ஒரு தவறான அஸ்திவாரத்தின் மேல் நிற்கிறது. காரைக்கால் ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் காரைக்கால்வாசிகள் மட்டும் என்று அது வைத்துக்கொள்கிறது. உண்மையில் பொறையாறு, தரங்கம்பாடி, நாகூர்ச் சுற்றுப்புறத்துக் கிராமத்தார் எத்தனையோ பேருக்கு அருகிலுள்ள ஊர் காரைக்கால்தான். எல்லைக் கோட்டை அழித்துப் பார்த்தால் இரண்டு லக்ஷம் பல லக்ஷமாகும். அப்போது நாலு கட்டில் அதிகமன்று. அதே போல், காரைக்காலில் செய்ய இயலாத சிகிச்சைக்குப் புதுச்சேரி ஒன்றே கதி என்பதும் எல்லைக் கோடு கற்பித்த பழக்கம். திருவாரூரில் 2010 முதல் அரசாங்க வைத்தியக் கல்லூரி நடக்கிறது. புதுச்சேரியின் தூரத்தில் மூன்றில் ஒரு பங்குதான். நாகப்பட்டினத்துக்கு ஒரத்தூரில் புதிய வைத்தியக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. தஞ்சாவூரில் ராஜா மிராசுதார் ஆஸ்பத்திரி இருக்கிறது. எந்தக் குழந்தை எங்கே போக வேண்டும் என்பதை அதன் மூச்சும், அந்த நேரத்தில் எங்கே கட்டில் காலியாயிருக்கிறது என்பதும் தீர்மானிக்க வேண்டுமே தவிர, அதன் தகப்பனாரின் குடும்ப அட்டை தீர்மானிக்கக் கூடாது.

அரசாங்க ஆஸ்பத்திரிகள் வெளியூர் நோயாளியை விரட்டுவதில்லை என்று அதிகாரிகள் சொல்வார்கள். வாஸ்தவம். வாசலில் வந்து நிற்கும் குழந்தையை எந்த டாக்டரும் திருப்பி அனுப்ப மாட்டார். ஆனால் வாசலில் வந்து நிற்பது வேறு. ‘இப்படிப்பட்ட குழந்தை வருகிறது, கட்டிலும் குழாயும் தயாராய் இருக்கட்டும்’ என்று ஒரு மணி நேரத்துக்கு முன்னே தகவல் போய், அங்கே ஒருவர் ‘சரி, அனுப்புங்கள்’ என்று பொறுப்பேற்றுக்கொள்வது வேறு. பின்னதற்கு இரண்டு சர்க்கார்களுக்குள் எழுத்து மூலமான ஏற்பாடு வேண்டும். தமிழ்நாட்டுக் காப்பீட்டுத் திட்டம் தமிழ்நாட்டுக் குடும்பங்களுக்கு. காரைக்கால்வாசி தஞ்சாவூரில் தனியார் ஆஸ்பத்திரிக்குப் போக நேர்ந்தால் பணம் யார் கொடுப்பது என்ற விவாதம் நள்ளிரவில் நடக்கக் கூடாது. பகலில், இரண்டு தலைமைச் செயலகங்களுக்கு இடையே முன்னதாகவே முடிந்திருக்க வேண்டும். காவிரித் தண்ணீருக்கு ராஜ்யங்களுக்கிடையே கணக்குப் போட்டுப் பங்கிடத் தெரிந்த நமக்கு, ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குக் கணக்குத் தீர்க்கத் தெரியாதா?

ஆகவே காரைக்காலுக்கு வேண்டியது சென்னை எழும்பூரில் உள்ளது போன்ற பெரிய குழந்தை ஆஸ்பத்திரி அன்று. வரும் குழந்தையை ஐந்து நிமிஷத்துக்குள் பார்த்து, வழியைத் திறந்து, சளியை உறிஞ்சி, பிராணவாயு கொடுத்து, தேவையானால் குமிழி முறையிலோ பையாலோ மூச்சுக் கொடுத்து, அவசியமானால் தொண்டைக்குள் குழாய் இறக்கி, ஒரு நாளோ இரண்டு நாளோ வைத்துக் காப்பாற்றக் கூடிய நாலு கட்டில் பிரிவு ஒன்று. பெரும்பாலான நிமோனியாக் குழந்தைகளுக்கு அதுவே போதும். அதற்கு மேல் வேண்டியவர்களை நிலைப்படுத்தி, பயிற்சி பெற்ற ஒருவர் கூடவே செல்ல, அனுப்பி வைக்கலாம். தள்ளாடும் மூச்சுடன் குழந்தையை வண்டியில் ஏற்றி, டிரைவரை வேகமாக ஓட்டச் சொல்வதைச் சிகிச்சை என்று அழைக்க முடியாது.

கைப்பழக்கத்துக்கும் வழி இருக்கிறது. ஜிப்மர் ஒரே ஸ்தாபனம். புதுச்சேரியிலும் காரைக்காலிலும் அதற்கு வீடு உண்டு. காரைக்கால் நர்ஸுகளும் இளம் டாக்டர்களும் வருஷத்துக்கு இரண்டு மாதம் புதுச்சேரிக் குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் முறை வைத்து வேலை செய்து திரும்பலாம். இரவு இரண்டு மணிக்கு ஐயம் எழுந்தால், புதுச்சேரியில் உள்ள நிபுணர் காணொளி வழியே குழந்தையின் மார்பைப் பார்த்துக்கொண்டே யோசனை சொல்லலாம். இதற்குப் புதிய சட்டம் வேண்டியதில்லை. ஓர் உத்தரவு போதும்.

பிராணவாயு விஷயத்தில் ஒரு வார்த்தை. 2017 ஆகஸ்டு 10, 11 தேதிகளில் உத்தரப் பிரதேசத்துக் கோரக்பூர் வைத்தியக் கல்லூரி ஆஸ்பத்திரியில், விநியோகஸ்தருக்குப் பாக்கி நின்றிருந்த நிலையில் குழாய்ப் பிராணவாயு தடைப்பட்டது. அந்த இரண்டு நாட்களில் சுமார் 30 குழந்தைகள் மாண்டன. மரணத்துக்குக் காரணம் அதுவன்று, நோயே என்றது அரசாங்கத் தரப்பு. நாம் அந்த வழக்கில் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. குழந்தைகள் வார்டின் பிராணவாயுப் பில் ஒரு குமாஸ்தாவின் மேஜையில் மற்றப் பில்களோடு ஒன்றாகக் கிடக்கக் கூடாது என்பது மட்டும் தெளிவு. கொரோனாவுக்குப் பிறகு காற்றிலிருந்தே பிராணவாயு பிரிக்கும் யந்திரங்கள் தேசமெங்கும் ஆஸ்பத்திரிகளில் நிறுவப்பட்டன. அவை ஓடுகின்றனவா, பழுது பார்க்க ஒப்பந்தம் உண்டா, மின்சாரம் நின்றால் மாற்று என்ன என்பதை மாதம் ஒரு முறை யாராவது கையெழுத்திட்டுச் சொல்ல வேண்டும். கடற்காற்றில் இரும்பு துருப்பிடிக்கும் ஊரில் இது இன்னும் அவசியம்.

நிமோனியாவினால் 2019-இல் மட்டும் உலகில் ஐந்து வயதுக்கு உட்பட்ட 7 லக்ஷத்து 40 ஆயிரம் குழந்தைகள் இறந்தன என்று உலகச் சுகாதார ஸ்தாபனம் கணக்கிட்டிருக்கிறது. அவ்வருஷ நவம்பரில் மத்திய சர்க்கார் நிமோனியாவுக்கு எதிராகத் தனி இயக்கம் தொடங்கியதும், நிமோனியாத் தடுப்பூசி 2021-இல் தேசம் முழுவதற்கும் விரிந்ததும் நல்ல காரியங்கள். தடுப்பூசியால் வரும் குழந்தைகள் குறைவார்கள். ஆனால் பாம்புக் கடிக்கும், குளத்தில் விழுந்த குழந்தைக்கும், வேர்க்கடலை தொண்டையில் சிக்கிய குழந்தைக்கும் தடுப்பூசி இல்லை.

புதுச்சேரிச் சட்டசபையில் காரைக்காலுக்கு ஐந்து தொகுதிகள் உண்டு: நெடுங்காடு, திருநள்ளாறு, காரைக்கால் வடக்கு, காரைக்கால் தெற்கு, நிரவி திருமலைராயன்பட்டினம். அந்த ஐந்து அங்கத்தினர்களும் எந்தக் கட்சியைச் சேர்ந்தவர்களாயினும், அடுத்த வரவு செலவுக் கூட்டத்தில் சுகாதார மந்திரியை மூன்று கேள்விகள் கேட்கும்படி நமது ஊழியர்கள் அவர்களை வற்புறுத்த வேண்டும். காரைக்கால் அரசாங்க ஆஸ்பத்திரியில் இன்றிரவு பத்து மணிக்குமேல், மூன்று மாதச் சிசுவுக்குத் தொண்டைக் குழாய் இறக்கத் தெரிந்தவர் பணியில் இருக்கிறாரா? குழந்தைகள் பிரிவில் இரவு நேரத்தில் எத்தனை நர்ஸுகள், அவர்களில் எத்தனை பேர் சென்ற ஆறு மாதத்துக்குள் ஆம்பு பைப் பயிற்சி பெற்றவர்கள்? சென்ற வருஷம் மூச்சு நோயுடன் வெளியூருக்கு அனுப்பப்பட்ட குழந்தைகள் எத்தனை, அவர்களில் எத்தனை பேர் உயிருடன் போய்ச் சேர்ந்தார்கள்? மூன்றாவது கேள்விக்குப் பதில் இல்லை என்று மந்திரி சொல்லக் கூடும். அப்படிச் சொன்னால், அந்தக் கணக்கை எழுத ஒரு நோட்டுப் புத்தகத்தை மறுநாளே ஆஸ்பத்திரியில் வைக்கச் சொல்லி அங்கேயே வாக்குறுதி வாங்க வேண்டும்.